சருகும் மண்ணும்

(மூன்றாம் ஆண்டு பி.எஸ்ஸி., தாவரவியல்)

பட்டுக்கோட்டைப் பக்கத்திலிருந்து காலைப் பேருந்தில் தஞ்சைக்கு வரும் நண்பர்களுக்கு ஒரு வாசனை பழகிப் போயிருக்கும். ஒரத்தநாடு தாண்டுகிற வரையில் சாலையின் இரு மருங்கிலும் தோப்புகளிலிருந்தும் கொல்லைகளிலிருந்தும் நீலப்புகை எழுந்து, பனியோடு கலந்து தாழ்வாக மிதந்துகொண்டிருக்கும். வாசல் தெளித்துக் கோலமிட்ட கையோடு கொல்லையையும் கூட்டி, விழுந்த சருகையெல்லாம் ஒரு மூலையில் குவித்துத் தீ வைத்துவிடுவது நம் பக்கத்து வழக்கம். கூட்டிப் பெருக்கிய கொல்லை கண்ணுக்கு அழகுதான். குடித்தனத்தின் சுத்தத்துக்கு அதுவே அடையாளம் என்றும் சொல்வார்கள். நானும் அந்தப் புகையைச் சுவாசித்து வளர்ந்தவன்தான். அதில் போவது என்ன என்பதைத் தாவரவியல் வகுப்பில் பாதியும், எங்கள் தோப்பில் பட்ட அடியில் பாதியுமாக அறிந்துகொண்டேன். அதையே இங்கு எழுத முற்படுகிறேன்.

பயிருக்கு வேண்டிய மூன்று பெருஞ்சத்துகளை வேதியியல் நண்பர்கள் நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம் என்பார்கள். உழவர்கள் தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து என்பார்கள். சருகைக் கொளுத்தும்போது நடப்பது என்ன என்பதை இந்தத் தமிழ்ப் பெயர்களே சொல்லிவிடுகின்றன. தழைச்சத்து காற்றோடு போகிறது. சாம்பல்சத்து சாம்பலில் தங்குகிறது. சாம்பல் வீணன்று. தென்னைக்குச் சாம்பல்சத்து மிகுதியாக வேண்டும். ஆகவே அடுப்புச் சாம்பலை மரத்தடியில் கொட்டிய நம் பாட்டிமார் ஒன்றும் அறியாமல் செய்தவர்கள் அல்லர். ஆனால் சருகில் இருக்கும் பெரும்பங்கு இந்த மூன்று சத்துகளும் அன்று, அது கரி. காற்றிலிருந்து கரியமில வாயுவை எடுத்து, வெயிலைக் கொண்டு இலை சமைத்து வைத்த உணவு அது. மண்ணில் வாழும் கோடிக்கணக்கான சிற்றுயிர்களுக்கு அதுதான் சோறு. நாம் அந்தச் சோற்றைக் கொளுத்திவிட்டு, உரக்கடையிலிருந்து ஊறுகாயை மட்டும் வாங்கி வந்து மண்ணுக்குப் பரிமாறுகிறோம்.

எங்கள் ஊர் பட்டுக்கோட்டைக்கு மேற்கே, கல்லணைக் கால்வாய்ப் பாசனத்தில் இருக்கிறது. புது ஆறு என்றுதான் எங்கள் பக்கத்தில் சொல்வோம். தஞ்சை என்றதும் வெளியூரார் நினைவுக்கு வருவது கும்பகோணம், மாயவரம் பக்கத்து வண்டல். காவிரியும் அதன் கிளை ஆறுகளும் ஆயிரமாயிரம் ஆண்டுகளாகக் கொண்டுவந்து படிய வைத்த கரிய களிமண். எங்கள் நிலம் அப்படிப்பட்டதன்று. செம்மண்ணும் மணலும் கலந்த மேட்டு நிலம். 1934இல் மேட்டூர் அணை எழுந்து, அந்தத் திட்டத்தோடு புது ஆறும் வெட்டப்பட்ட பின்னரே அது காவிரித் தண்ணீரைக் கண்டது. தண்ணீரைத்தான் கண்டது; வண்டலை அன்று. அணைக்குள் தேங்கி நிற்கும் நீர், தான் சுமந்து வந்ததையெல்லாம் பெரும்பாலும் அங்கேயே இறக்கி வைத்துவிட்டுத் தெளிந்து வருகிறது. பழைய டெல்டாவுக்கும் அன்று முதல் இதே கதைதான் என்றாலும், அவர்களிடம் முன்னோர் சேர்த்து வைத்த இருப்பு இருக்கிறது. எங்களிடம் அதுவும் இல்லை. நீர் பாய்ச்சினால் சட்டென்று உறிஞ்சிக்கொண்டு, நான்காம் நாளே மறுபடியும் கேட்கும் மண் எங்களுடையது.

இத்தகைய மண்ணுக்குத்தான் மக்கு வேண்டும். இலையும் தழையும் சாணமும் சிதைந்து, இன்னதென்று அடையாளம் தெரியாத கரும்பொடியாக மாறிய நிலையையே மக்கு என்கிறோம். மணல் துகள்களை ஒன்றோடொன்று சேர்த்து வைக்கும் பசை அதுவே. நீரைப் பிடித்து வைக்கும் பஞ்சும் அதுவே. இட்ட உரம் அடிமண்ணுக்குக் கரைந்து ஓடாமல் பற்றிக்கொள்ளும் கையும் அதுவே. மண் வள அட்டையில் ‘அங்ககக் கரிமம்’ என்று ஒரு வரி இருப்பதைச் சிலர் பார்த்திருக்கலாம். 0.5 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் குறைவு, 0.75க்கு மேலே இருந்தால் மிகுதி. எங்கள் தோப்புக்கு வந்த அட்டையில் ‘குறைவு’ என்றிருந்தது. அப்பா அந்த அட்டையைப் பத்திரமாகப் பெட்டியில் வைத்துவிட்டு, மறுநாள் காலை வழக்கம்போல் சருகுக்குத் தீ வைத்தார்.

தோப்பு ஒன்றரை ஏக்கர். 25 அடிக்கு 25 அடி இடைவெளி விட்டால் ஏக்கருக்கு 70 தென்னை என்பது கணக்கு. எங்கள் தோப்பில் மொத்தம் நூற்றுக்குச் சற்றுக் குறைவு. வடகோடியில் வீட்டை ஒட்டி இரண்டு பலா, ஒரு மா. வேலியோரம் பூவரசும் வேம்பும். 2018 நவம்பர் 16ஆம் நாள் விடியற்காலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறியபோது நான் எட்டாம் வகுப்பு மாணவன். அந்த இரவைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. நம் கல்லூரியில் பாதிப் பேருக்கு அது தெரியும். விடிந்தபோது அறுபத்தொரு தென்னைகள் விழுந்து கிடந்தன. ஒரு பலா வேரோடு சாய்ந்திருந்தது. மற்றது கிளைகளை இழந்து நின்றது. அப்பா தோப்பின் நடுவில் நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்தார். தோப்புக்குள் நின்றுகொண்டு முழு வானத்தையும் நாங்கள் பார்த்தது அன்றுதான்.

விழுந்த மரங்களைக் கணக்கெடுத்தார்கள். போன நிழலைக் கணக்கெடுக்க ஏது வழி? அடுத்த சித்திரையில் அந்தக் கணக்கை எங்கள் உள்ளங்கால் எடுத்தது. முன்பு வெறுங்காலோடு நடந்த இடங்களில் அப்போது கால் வைக்க முடியவில்லை. மேல்மண் மாவாகிப் பறந்தது.

நிழலுக்கும் மக்குக்கும் உள்ள உறவைச் சற்று விரிவாகக் காண்போம். வெப்பம் பத்துப் பாகை உயர்ந்தால் மண்ணில் நடக்கும் சிதைவின் வேகம் ஏறத்தாழ இரு மடங்காகும் என்பது பொதுவான ஒரு கணக்கு. இங்கிலாந்து போன்ற குளிர்நாடுகளில் தோட்டக்காரர்கள் உதிர்ந்த இலைகளைக் குவித்து வைத்து, அது இலைமக்காக மாற ஒன்று, இரண்டு ஆண்டுகள் காத்திருக்கிறார்கள். நம் ஊரில் ஈரமும் வெப்பமும் சேர்ந்துவிட்டால் மெல்லிய இலை சில மாதங்களுக்குள் இருந்த இடம் தெரியாமல் போய்விடுகிறது. குளிர்நாட்டு மண் சேமிப்புக் கணக்கு வைத்திருக்கிறது என்றால், நம் மண் அன்றாடங்காய்ச்சி. அதிலும் வெட்டவெளி மண்ணின் நிலை இரங்கத்தக்கது. மழை பெய்தவுடன் இருக்கிற கொஞ்சம் மக்கும் விரைந்து எரிந்துபோகிறது. மழை நின்றவுடன் மேல்மண் காய்ந்து, வேலை செய்ய வேண்டிய உயிர்களும் செத்தோ ஒளிந்தோ போகின்றன. நிழல் இந்த இரண்டு கேட்டையும் குறைக்கிறது. மண்ணைக் குளிர்ச்சியாகவும் ஈரமாகவும் வைத்து, சிதைவை ஓட விடாமல் நடக்க விடுகிறது. மரமோ நிழலை மட்டும் தந்துவிட்டு நிற்பதில்லை. இலையையும் தந்துகொண்டே இருக்கிறது. நல்ல தென்னை ஆண்டுக்குப் பன்னிரண்டு மட்டையாவது விடும். ஏறக்குறைய அதே அளவு மட்டை விழும். ஏக்கருக்கு எண்ணூறு மட்டைக்கு மேல் வருகிறது. அன்றாடங்காய்ச்சிக்கு அன்றாடம் படியளக்கும் முதலாளி என்று மரத்தைச் சொல்லலாம். இடையில் புகுந்து அந்தக் கூலியைப் பிடுங்கிக்கொள்வது நம் துடைப்பம்.

எங்கள் வீட்டில் துடைப்பம் நுழையாத இடம் ஒன்று உண்டு. கஜாவுக்குத் தப்பிய அந்த ஒற்றைப் பலாவின் அடி. அது அப்பத்தாவின் ராச்சியம். அங்கே சேம்பும் மஞ்சளும் கருணையும் போட்டிருப்பார். அரிசி களைந்த தண்ணீரை அங்கேதான் ஊற்றுவார். சின்ன வயதில் ஒருநாள் நான் உற்சாகமாக அந்த இடத்தையும் கூட்டப் போனபோது துடைப்பத்தைப் பிடுங்கிக்கொண்டார்.

“அது மரம் போட்டுக்கிட்ட போர்வைடா. அதை எதுக்கு உருவுற?” என்றார்.

அந்தப் போர்வையைப் பல ஆண்டுகள் கழித்து, பாடத்துக்காக, ஒவ்வோர் அடுக்காக எடுத்துப் பார்த்தேன். மேலே அன்று விழுந்த பலா இலை, தோல் போல் விறைப்பாக. அதற்குக் கீழே ஈரம் ஏறிப் பழுப்பான இலைகள். அவற்றை வெள்ளை இழைகள் ஒன்றோடொன்று தைத்திருந்தன. அவை பூஞ்சாண இழைகள். மட்டையிலும் பலா இலையிலும் உள்ள கடினமான நாரைக் கரைக்கும் திறமை பாக்டீரியாவைவிடப் பூஞ்சாணத்துக்கே மிகுதி. அதற்கு நிழலும் கலையாத மண்ணும் வேண்டும். அதற்கும் கீழே நரம்பு மட்டும் எஞ்சிய வலை இலைகள், மரவட்டைகள், பெயர் தெரியாத பூச்சிகள். அப்புறம் எது இலை, எது மண் என்று பிரிக்க முடியாத கறுப்பு. அந்தக் கறுப்பில் மண்புழுக்கள் சிறு சிறு உருண்டைகளாகக் கழித்துப் போட்டிருந்தன. 1881இல் டார்வின் மண்புழுக்களைப் பற்றி ஒரு நூலே எழுதினார். இங்கிலாந்தின் பல பகுதிகளில் ஏக்கருக்கு ஆண்டுதோறும் பத்து டன்னுக்கு மேல் மண் புழுக்களின் உடல் வழியே போய் வருகிறது என்பது அவர் போட்ட கணக்கு. நம் பக்கத்து மண்ணின் சொந்தப் புழு லாம்பிட்டோ மாரிட்டி என்பது. அது மேலே வந்து இலையைத் தின்று, கீழே இறங்கி வளை தோண்டுகிறது. கூலி கேட்காத உழவன். மேலே இலை இருக்க வேண்டும் என்பது ஒன்றே அதன் நிபந்தனை.

இரண்டாம் ஆண்டு படிக்கையில் ஒரு சிறு சோதனை செய்தேன். அப்பாவின் பழைய பருத்தி வேட்டியைச் சாண் அளவுத் துண்டுகளாகக் கிழித்து, மூன்று இடங்களில் நான்கு விரற்கடை ஆழத்தில் புதைத்தேன். ஒன்று பலாவடியில், ஒன்று நாள்தோறும் கூட்டப்படும் தென்னை நிழலில், ஒன்று மரங்கள் விழுந்து வெறுமையாகக் கிடந்த தென்புறத்தில். பருத்தி என்பது செல்லுலோஸ். மண் உயிர்களுக்கு நல்ல விருந்து. அறுபது நாள் கழித்துத் தோண்டினேன். தென்புறத் துண்டு செம்மண் கறையோடு முழுசாக வந்தது. வெளுத்துத் தந்தால் மறுபடியும் பயன்படும். தென்னையடித் துண்டில் ஓட்டைகள். பலாவடியில் துண்டே இல்லை; ஓரம் தைத்த நூல் மட்டும் ஒரு வளையமாகக் கிடைத்தது. அந்த நூல் பாலியஸ்டர். பெருமையோடு எங்கள் பேராசிரியரிடம் காட்டினேன். அவர் பார்த்துவிட்டு, “பலாவடியில் நிழலும் இருக்கிறது, சருகும் இருக்கிறது, அரிசிக் கழுநீரும் இருக்கிறது. வேட்டியைத் தின்றது எது என்று எப்படிச் சொல்வாய்?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அந்தக் கேள்விக்குக் கடைசியில் வருகிறேன்.

இனி நான் பட்ட அடியைச் சொல்ல வேண்டும். 2019 மழைக்காலத்தில் அப்பா ஐம்பத்தெட்டுத் தென்னங்கன்றுகளை நட்டார். மறு ஆண்டு ஊரடங்கு. பள்ளி இல்லை, கையில் அலைபேசி. ஆல்பர்ட் ஹோவார்டு என்ற ஆங்கிலேய வேளாண் அறிஞரைப் பற்றி அதில் படித்தேன். 1924 முதல் 1931 வரை இந்தூரில் இருந்து, நம் நாட்டு உழவர்களின் வழக்கங்களையும் கவனித்து, கழிவுகளை அடுக்கடுக்காகப் போட்டு மக்க வைக்கும் முறையை வகுத்தவர். படித்தவுடன் எனக்கு வேகம் வந்துவிட்டது. கஜாவில் விழுந்து, அப்புறப்படுத்த முடியாமல் கிடந்த தென்னந்துண்டங்கள் உளுத்துப் போயிருந்தன. அவற்றையும், மாட்டுச் சாணத்தையும், சருகையும் சேர்த்து, சுமக்கும் தூரம் குறையட்டும் என்று, கன்று வரிசைகளுக்கு நடுவிலேயே இடுப்பு உயரத்துக்கு நான்கு குவியல்கள் போட்டேன். போட்டதோடு சரி. பள்ளி திறந்தது, மறந்தேன்.

2021இல் கன்றுகளின் புதிய ஓலைகள் விரியும்போது கத்திரிக்கோலால் வெட்டியதுபோல் முக்கோண வெட்டுகளோடு வந்தன. சில கன்றுகளில் குருத்தே வாடித் தொங்கியது. மரம் ஏற வரும் அண்ணன் ஒருவர் கம்பிக் கொக்கியைக் குருத்துக்குள் விட்டு, கொம்பு வைத்த கறுப்பு வண்டை வெளியே இழுத்துப் போட்டார். காண்டாமிருக வண்டு. பிறகு என் குவியலை மண்வெட்டியால் ஒரு வெட்டு வெட்டிப் புரட்டினார். கட்டைவிரல் பருமனில், வெள்ளை வெளேரென்று, சுருண்டு சுருண்டு புழுக்கள்.

“குப்பைய இங்கன குமிச்சு வச்சுக்கிட்டு வண்டு வருது வண்டு வருதுன்னா எப்படித் தம்பி?” என்றார்.

அந்த வண்டு முட்டையிடுவது மக்குகிற பொருளில்தான். அதிலும் உளுத்த தென்னந்துண்டமும் சாணக் குவியலும் அதற்கு அரண்மனை. ஹோவார்டின் முறையில் குவியலை அவ்வப்போது புரட்டிப் போட வேண்டும். முறையாகச் செய்த குவியல் உள்ளே கொதிக்கும். அந்தச் சூட்டில் புழு தங்காது. நான் போட்டதோ புரட்டாத, சூடேறாத குவியல். அதுவும் கன்றுக்குப் பக்கத்தில். எரிப்பதால் வருகிற கேட்டை மட்டும் படித்து, குவிப்பதால் வருகிற கேட்டைப் படிக்காமல் விட்டதன் விலை பதினான்கு கன்றுகள். அப்பா என்னைத் திட்டவில்லை. “படிச்ச புள்ள செஞ்சது” என்று அம்மாவிடம் ஒரு தடவை சொன்னார். அதுவே போதுமானதாக இருந்தது. வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேட்டு, அந்தப் புழுக்களுக்கு நோய் உண்டாக்கும் மெட்டாரைசியம் என்னும் பச்சைப் பூஞ்சாணத்தை வாங்கிக் குவியல்களில் கலந்தோம். மிஞ்சிய துண்டங்களைப் பிளந்து காயவைத்து அடுப்புக்குக் கொடுத்தோம். எரிக்க வேண்டியதும் சில உண்டு என்று அன்றுதான் ஒப்புக்கொண்டேன்.

அதன்பின் நாங்கள் குவிப்பதில்லை, பரப்புகிறோம். காடு அப்படித்தான் செய்கிறது. அப்பத்தாவின் பலாவும் அப்படித்தான் செய்தது. நான்கு விரற்கடை உயரத்துக்கு மேல் எங்கும் போடுவதில்லை. அந்த மெல்லிய படுகையில் வண்டுப்புழு வளர்வதற்கு ஆழம் கிடையாது. விழுந்த மட்டையை மூன்று துண்டாக நறுக்கி, மரத்தைச் சுற்றி ஆறடி ஆரத்தில் பாத்தியில் பரப்பி, அதன்மேல் பலா, மா இலைச் சருகு. தென்னை சத்தை உறிஞ்சும் வேர்களில் பெரும்பாலானவை அந்த ஆறடிக்குள்ளேயே இருக்கின்றன. அடிமரத்தை ஒட்டி ஒரு சாண், கன்றாக இருந்தால் ஓரடி, வெறும் மண்ணாக விட்டுவிட வேண்டும்; இல்லையேல் கறையான் சருகோடு நிற்காமல் கன்றிலும் ஏறும்.

எப்போது போடுவது என்பதும் முக்கியம். முதல் ஆண்டு ஆடி வெயிலில், வறண்ட மண்ணின்மேல் பரப்பினோம். பின்னர் பெய்த சிறு தூறல்களையெல்லாம் சருகே குடித்துவிட்டது. கீழே மண் பொடியாகவே இருந்தது. சருகுப் போர்வை உள்ளே இருப்பதைக் காக்கும், அவ்வளவுதான். இப்போது ஆவணி, புரட்டாசியில் நல்ல மழை ஒன்று இறங்கிய பிறகே பரப்புகிறோம்.

சருகு மட்டும் போட்டால் வேலை மெல்ல நடக்கும். மண் உயிர்களுக்கு ஏறக்குறைய முப்பது பங்கு கரிக்கு ஒரு பங்கு தழைச்சத்து வேண்டும். மட்டையிலும் சருகிலும் கரி அளவுக்கு மீறி இருக்கிறது. சோறு நிறைய, குழம்பு இல்லை. அதனால் வேலியில் கிளைரிசிடியாவும் புங்கும் வைத்து, அவ்வப்போது கழித்துப் பச்சையாகவே சருகின்மேல் போடுகிறோம். அந்த இலைகள் விரைவில் கரைந்து சருகையும் இழுத்துக்கொண்டு போகின்றன. எங்கள் பக்கத்துக் கயிற்று ஆலைகளில் மலைபோல் குவிந்திருக்கும் தென்னை நார்க்கழிவைப் பற்றி ஓர் எச்சரிக்கை. அது தன் எடையைப்போல் பல மடங்கு நீரைப் பிடித்து வைக்கும் என்பது உண்மைதான். ஆனால் பச்சையான நார்க்கழிவில் தழைச்சத்து ஒரு பங்குக்குக் கரி 112 பங்கு. அதை அப்படியே மஞ்சள் பாத்தியில் கலந்துவிட்டு, மஞ்சள் இலை வெளுப்பதைப் பார்த்து நான் விழித்தது தனிக் கதை. நுண்ணுயிர்கள் அந்தக் கரியைத் தின்பதற்கு வேண்டிய தழைச்சத்தைப் பயிரின் இலையிலிருந்து அல்லவா மறைமுகமாகப் பிடுங்கிக்கொள்கின்றன! சிப்பிக்காளான் வித்தும் சிறிது யூரியாவும் அடுக்கடுக்காக இட்டு மக்க வைத்தால் அந்த 112 என்பது 24 ஆகக் குறையும் என்று தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் கண்டிருக்கிறார்கள். அப்படி மக்கியதையே இட வேண்டும். உரித்த தேங்காய் மட்டையைப் பள்ளத்தில் குழிவான பக்கம் மேலே இருக்கும்படி அடுக்கிப் புதைப்பது பழைய வழக்கம். ஐந்தாறு ஆண்டுகள் வரை அது நீரைத் தேக்கித் தரும்.

கொத்துவதையும் உழுவதையும் கூடியமட்டும் விட்டுவிட்டோம். நிழல் தோப்பில் மேல்மண் முழுவதும் வேர். சருகை உள்ளே தள்ளுகிறோம் என்று ரோட்டவேட்டர் ஓட்டினால் சருகோடு வேரும் நறுங்கும்; பூஞ்சாண இழை அறும்; புழுவின் வளை மூடும். உழவு அதிகாரத்தில் வள்ளுவர் எருவிடுதலை ஏரோட்டுதலுக்கு மேலாக வைத்தது வயலைப் பார்த்து. அவர் எங்கள் தோப்பைப் பார்த்திருந்தால் ஏரை வேலிக்கு வெளியிலேயே நிறுத்தியிருப்பார் என்று நினைக்கிறேன். தமிழ்த்துறையினர் மன்னிப்பார்களாக.

வேரைக் காயப்படுத்தக் கூடாது என்பதற்கு எங்கள் மாவட்டத்தில் இன்னொரு காரணமும் இருக்கிறது. 1952ஆம் ஆண்டுப் புயலுக்குப் பின் தஞ்சை மாவட்டத்துத் தென்னைகளில் ஒரு நோய் கண்டது. அடிமரத்தில் பழுப்பு நீர் வடியும், ஓலைகள் ஒவ்வொன்றாகத் தொங்கும், கடைசியில் அடியில் காளான் முளைக்கும், மரம் போகும். கேனோடெர்மா என்னும் பூஞ்சாணம் வேர் வழியே வருவது. உலகத்துத் தாவர நோயியல் நூல்களில் நம் ஊர்ப் பெயரோடு ‘தஞ்சாவூர் வாடல் நோய்’ என்று அது இடம்பெற்றுவிட்டது. ஊருக்கு வந்த பெருமைகளில் நாம் விரும்பாத பெருமை. இதற்குப் பரிந்துரைக்கப்படும் தடுப்பு முறைகளைப் படித்தபோது வியந்தேன். மரம் ஒன்றுக்கு ஆண்டுதோறும் 50 கிலோ தொழுவுரம் அல்லது தழை, 5 கிலோ வேப்பம்புண்ணாக்கு, மரத்தடியில் உழாமை, நீர் வசதி இருந்தால் ஊடே வாழை. மருந்துகளும் உண்டு, ஆயினும் மண்ணில் நல்ல உயிர்களைப் பெருக்கி, கெட்ட பூஞ்சாணத்துக்கு இடம் கொடாமல் செய்வது அந்தப் பட்டியலில் பெரும்பங்கு. கஜா ஆட்டிவிட்டுப் போன எங்கள் மரங்களின் வேரில் எத்தனை காயம் இருக்கிறதோ, மேலே நின்று பார்த்தால் தெரியாது. அதனால்தான் மரம் தோறும் வேப்பம்புண்ணாக்கு இடுவதை எவ்வளவு நெருக்கடியிலும் அப்பா நிறுத்துவதில்லை.

சருகை விட்டுவைப்பதில் சங்கடம் இல்லாமல் இல்லை. முதலாவது பாம்பு. இதைச் சிரித்து ஒதுக்குகிறவர்கள் தோப்பில் வேலை செய்யாதவர்கள். கண்ணாடிவிரியனும் சருகும் ஒரே நிறம். ஆகவே வீட்டைச் சுற்றி முப்பதடியும், தோப்புக்குள் போகும் நடைபாதையும் இன்றும் கூட்டப்படுகின்றன; அங்கே கூட்டியது பாத்திக்குப் போகிறது. இருட்டில் கம்பும் விளக்கும் இல்லாமல் யாரும் உள்ளே போவதில்லை. இரண்டாவது, உதிர்ந்த தேங்காய் சருகில் மறைந்துவிடுகிறது. அப்பாவின் பெரிய குறை இதுதான். ஒரு காய் தவறினாலும் “உன் போர்வைக்குள்ள போயிருச்சு” என்பார். மூன்றாவது பங்குனி வெயிலில் யாராவது எறியும் பீடித்துண்டு. வேலியோரத்தில் ஆறடி அகலத்துக்கு வெறுமையாக விட்டிருக்கிறோம். கூலி ஆள் கிடைக்காத இந்நாளில் மட்டையை நறுக்கிப் பரப்ப நேரம் ஏது என்று கேட்பவர்களுக்கு மட்டும் என்னிடம் நல்ல பதில் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் செய்கிறேன். நான் வேலைக்கு வெளியூர் போய்விட்டால் யார் செய்வார்கள் என்று அம்மா கேட்கிறார்.

பயன் என்ன என்று கேட்பீர்கள். நீர் பாய்ச்சிய ஆறாம் நாள் பாத்தி மண்ணைக் கையில் பிடித்தால் இப்போது உருண்டையாக நிற்கிறது. முன்பு நான்காம் நாளே உதிரும். ஒரு தண்ணீருக்கும் அடுத்த தண்ணீருக்கும் இடையே இரண்டு மூன்று நாள் தள்ளிப்போட முடிகிறது. ஆழ்குழாய்க் கிணற்றை நம்பி இருப்பவர்களுக்கு அதன் மதிப்பு தெரியும். காய்ப்பு கூடியிருக்கிறதா என்று என்னால் இப்போது சொல்ல இயலாது. 2019இல் நட்டவற்றில் பலாவை அடுத்த வரிசையில் மூன்று கன்றுகள் இவ்வாண்டு பாளை விட்டிருக்கின்றன. அது மண்ணின் செயலா, அந்த மூன்றின் வீரியமா என்று கேட்டால் எங்கள் பேராசிரியர் முன் நான் மறுபடியும் விழிக்க வேண்டியதுதான்.

அந்த வேட்டித் துண்டுக் கேள்வியும் அப்படியே நிற்கிறது. இவ்வாண்டு மழைக்கு முன் ஓர் உழவு போட்டே தீர வேண்டும் என்று அப்பா பிடிவாதமாக இருந்தார். பேசிப் பேசிக் கடைசியில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். ஒரே மாதிரி நிழல் உள்ள நான்கு வரிசைகளில், இரண்டை அவர் விருப்பப்படி கூட்டி உழுதுகொள்வார். இரண்டு என் போர்வைக்குள் இருக்கும். நிழல் ஒன்று, நீர் ஒன்று, மண் ஒன்று; சருகு மட்டும் வேறு. வரிசைக்கு ஐந்தாக இருபது துண்டுகளை ஐப்பசி முதல் தேதி புதைத்திருக்கிறேன். இந்த முறை வேட்டியைக் கிழித்துத் தந்தவர் அப்பாதான். மார்கழிக் கடைசியில் தோண்டி, பொங்கல் விடுமுறை முடிந்தபின் அந்த இருபதையும் தாவரவியல் ஆய்வகத்தின் சன்னலோர மேசையில் வைக்கிறேன். பார்க்க விரும்பும் நண்பர்கள் மதிய இடைவேளையில் வரலாம்.